பழகிய கையின் பிசகு

குழம்பில் இருமுறை உப்பிட்டுவிட்ட பெண்ணை, "அறிவு எங்கே போயிற்று?" என்று வீட்டார் கடிந்துகொள்வதுண்டு. இக்கேள்வி பொருந்தாது. கை தேர்ந்தவளுக்கே இப்பிழை நேரும். சமையல் பழகத் தொடங்கிய சிறுமியோ ஒவ்வொரு சிட்டிகையையும் நினைவோடு இடுகிறாள்.

வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் 1890இல் வெளியிட்ட நூலில், விருந்துக்கு உடை மாற்ற அறைக்குச் சென்றவர், ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து முடிவில் படுக்கையில் ஏறிவிடும் விந்தையைக் குறிக்கின்றார். இரவு உறங்கப் போகையில் செய்யும் முதற்செயல்களும் அவையே. பழக்கம் அவரைத் தன் தடத்தில் இழுத்துச் சென்றுவிட்டது. அறியாமையால் செய்யும் தவறு வேறு, அறிந்ததைச் செய்கையில் நேரும் பிசகு வேறு என ஜேம்ஸ் ரீசன் 1990இல் தம் நூலில் விரித்துரைத்தார்.

அரபியில் இப்பிசகுக்கு 'ஸஹ்வு' என்று பெயர். 107ஆம் அத்தியாயமான 'மாஊன்', தொழுகையாளிகள் சிலரைக் கண்டிக்குமிடத்து 'ஃபீ' என்னாது 'அன்' என்னும் சொல்லை ஆண்டுள்ளது. தொழுகையினுள் கவனம் தவறுவோரையன்று, தொழுகையையே புறக்கணிப்போரைச் சாடுகிறது அவ்வசனம் என்பர் விரிவுரையாளர். (இலக்கணப் பாடத்தில் மாணவர் கொட்டாவியோடு கடந்துபோகும் இவ்விரு சிறு சொற்களுக்கிடையேதான் நம்மில் பலர் தப்பிப் பிழைத்திருக்கிறோம்!)

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே நான்கு ரக்அத் தொழுகையொன்றை இரண்டில் முடித்து ஸலாம் கொடுத்துவிட்ட நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் பேசத் தயங்கி நிற்க, துல்யதைன் என்னும் தோழர், தொழுகை சுருக்கப்பட்டதா, தாங்கள் மறந்தீர்களா என வினவினார். அவர் கடியப்படவில்லை. நாயகம் அவர்கள் ஏனையோரையும் கேட்டு உறுதிசெய்துகொண்டு, எஞ்சியதை நிறைவேற்றி, இரு ஸஜ்தாக்கள் செய்தார்கள்.

எனினும், பிசகு என்றதும் பொறுப்பு முற்றும் அகன்றுவிடுமா? நோன்பை மறந்து நீரருந்தியவரின் நோன்பு முறியாது. அங்கே பிறர்க்கு இழப்பில்லை. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர்க்கோ கொலைப்பாவம் இல்லை. ஆயினும் இறந்தவரின் குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலன்றி நஷ்டஈடு உண்டு, பரிகாரமும் உண்டு.

மருந்துக் கடையில் ஒருவரது கை பழகிய தட்டுக்குத் தானே நீண்டு வேறு மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டது என்க. அந்நொடியில் அவர் மனம் அங்கில்லை. இல்லாத மனத்தை எவ்வாறு விசாரிப்பது? ஆனால், கொடுக்குமுன் சீட்டை மறுமுறை படிக்கும் வழக்கத்தை அவர் கைவிட்டது விழிப்போடுதான். ஒரே நிறப் புட்டிகளை அருகருகே அடுக்கச் சொன்ன முதலாளியும் அப்போது விழித்தே இருந்தார்.