காய்கறித் தோட்டமும் கொல்லாமையும்

மண்ணைக் கிளறாமல் காய்கறி விளைவதில்லை. கிளறினால் மண்ணுக்குள் வாழும் உயிர்களில் பல சாகின்றன. புலால் உண்ணாதவரின் இலையில் விழும் கத்தரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் பின்னால் இந்தச் சாவுகள் இருக்கின்றன. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இந்தியச் சமயங்கள் இதை அறிந்தே இருந்தன. உழவில் நேரும் கொலை கொலைதானா, கொலை என்றால் அது யாருடைய கணக்கில் சேரும் என்று அவை நெடுங்காலம் விவாதித்திருக்கின்றன. இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் சமணர்கள்.

தமிழகத்தில் காய்கறிக்கு உரிய பெரும் பட்டங்களில் ஒன்று ஆடிப்பட்டம். மழை இறங்கியதும் நிலத்தை நன்கு உழுது புழுதியாக்கி, தொழுவுரம் இட்டு, பார் பிடிப்பார்கள். கத்தரியும் மிளகாயும் நாற்றங்காலில் ஏறத்தாழ ஒரு மாதம் வளர்ந்தபின் பிடுங்கி நடப்படும். வெண்டை விதையை நேராகப் பாரிலேயே ஊன்றுவார்கள். சின்ன வெங்காயம் பாரின் இரு பக்கமும் நடப்படும். வரிசையாக நட்டால்தான் இடையில் களைக்கொத்து நுழையும், செடியின் அடியில் மண் அணைக்க முடியும், தண்ணீர் தடையின்றிப் பாயும், காய் பறிப்பவர் செடியை மிதிக்காமல் நடக்கலாம். வரிசை போட்ட கணத்திலேயே அதற்கு வெளியே முளைப்பதெல்லாம் களையாகிவிடுகிறது. நட்ட மாதத்துக்குள் முதல் களையெடுப்பு வரும். வெண்டை விதைத்த 45 நாள் வாக்கில் காய்க்கத் தொடங்கும். அதன்பின் ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் முற்றிப்போகும்.

ஏறத்தாழ இதே பருவத்தில்தான் சமணத் துறவிகள் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தி, நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குகிறார்கள். மழை பட்ட மண்ணில் புல்லும் புழுவும் பூச்சியும் பெருகியிருக்கும். நடந்தால் காலடியில் சாகும் என்பது காரணம். பௌத்தத் துறவிகளின் மழைக்காலத் தங்கலுக்கும் அவர்களின் ஒழுக்க விதிநூலான வினயம் இதையே சொல்கிறது: பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு பிக்குகள் மழையிலும் அலைகிறார்களே என்று மக்கள் குறை கூறியதால் புத்தர் அந்த விதியை வகுத்தார். ஒருவர் நடக்கவும் அஞ்சி அமர்ந்திருக்கும் அதே நாட்களில் இன்னொருவர் அதே மண்ணை ஏர் கொண்டு புரட்டுகிறார். அமர்ந்திருப்பவரின் பாத்திரத்தில் விழும் உணவு புரட்டுபவரின் வயலிலிருந்து வருகிறது. கொல்லாமை பற்றிய எந்தக் கோட்பாடும் இந்த இருவரையும் சேர்த்தே விளக்கியாக வேண்டும்.

பழைய விடைகளில் எளியது, வேலையை வேறொருவர் தலையில் வைப்பது. மனுஸ்மிருதியின் பத்தாம் இயல், வைசியத் தொழிலால் பிழைக்க நேர்ந்த பிராமணரும் சத்திரியரும் உழவை மட்டும் தவிர்க்க வேண்டும் என்கிறது. இரும்புமுனை கொண்ட மரம் மண்ணையும் மண்ணில் வாழ்வனவற்றையும் காயப்படுத்துகிறது என்று காரணமும் காட்டுகிறது. உழுதவர் கையிலிருந்து உண்பதை அது விலக்கவில்லை. தேரவாத வினயம் இன்னும் நுட்பமானது. மண்ணைத் தோண்டுவதும் செடிகொடிகளை அழிப்பதும் பிக்குவுக்குக் குற்றம். இன்ன இடத்தில் தோண்டு என்று ஏவுவதும் குற்றம். ஆனால் தேவை இன்னதென்று குறிப்பால் உணர்த்தலாம். இல்லறத்தார் ஒருவர் அதை உணர்ந்து செய்துகொடுப்பார். துறவியின் கை தூய்மையாக இருக்கிறது. வேலை நின்றுவிடவில்லை.

இந்த ஏற்பாட்டிலிருந்து வெளிப்படையாக விலகியவர்கள் சீனத்துச் சான் பௌத்தர்கள். 814இல் மறைந்த பைஜாங் ஹுவாய்ஹாயின் பெயரோடு, துறவிகள் அனைவரும் ஒன்றுசேர்ந்து வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் வழக்கத்தை மரபு இணைக்கிறது. முதுமையில் அவருடைய கருவிகளைச் சீடர்கள் ஒளித்துவைத்தபோது, வேலை செய்யாத அன்று அவர் உண்ண மறுத்துவிட்டார் என்பது அந்த மரபு சொல்லும் கதை. உண்பவருக்கும் உழைப்பவருக்கும் இடையிலிருந்த மறைப்பு அங்கே விலக்கப்பட்டது. எனினும் உயிர்க்கொலை பற்றிய கேள்விக்கு அதனால் விடை கிடைத்துவிடவில்லை. கேள்வியைத் துறவி தன் கையிலேயே ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

சமணத்தில் இரு போக்குகள் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் யோகசாஸ்திரத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களைத் தொகுத்தார். குளம், கிணறு வெட்டுதல், கல் உடைத்தல் என மண்ணைப் பிளந்து பிழைப்பது அவற்றுள் ஒன்று. சுவேதாம்பரப் பிரிவின் நூல்கள் சில உழவையும் அதில் சேர்க்கின்றன. மேற்கிந்தியச் சமணர் வணிகத்தின் பக்கம் சாய்ந்ததற்கு இதைக் காரணமாகச் சொல்வதுண்டு. மறுபக்கம், ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணம், முதல் தீர்த்தங்கரரான ரிஷபரே மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவையும் வைக்கிறது. அறத்தைத் தொடங்கிவைத்தவரே ஏரையும் கொடுத்தார் என்பது சிறிய கூற்றன்று.

தமிழ்ச் சமணர்கள் இந்த இரண்டாவது மரபில் வாழ்பவர்கள். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள இந்தத் திகம்பரப் பிரிவுச் சமூகத்தின் மரபுத் தொழில் உழவுதான். மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்டு, பொழுது சாய்ந்தபின் உண்ணாமல், புலால் தொடாமல், ஏர் பிடித்து நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்திருக்கிறார்கள். சமணம் என்றால் வணிகம் என்ற பொதுக் கருத்துக்கு இவர்களே மறுப்பு.

உழவரை அறத்தின் வேலிக்குள் வைத்திருக்கத் திகம்பர அறிஞர்கள் கையாண்ட கருவி, கொலை என்பதற்கான வரையறை. சமணத்தின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரத்தின்படி, விழிப்பின்மையால் உந்தப்பட்டு உயிரைப் பிரிப்பதே இம்சை. உயிர் பிரிவதோடு, செய்பவரின் மனநிலையும் கணக்கில் வருகிறது. பிற்கால நூல்கள் இம்சையை நான்காக வகுத்தன: கொல்லவேண்டும் என்றே கொல்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. துறவி நான்கையும் விட வேண்டும். இல்லறத்தார் முதலாவதை முற்றாக விட்டு, மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். 959இல் யசஸ்திலகத்தை முடித்த சோமதேவ சூரி இதற்கு ஒரு கூர்மையான எடுத்துக்காட்டு தந்தார்: வலை வீசி ஒரு மீனும் அகப்படாத மீனவர் எதையும் கொல்லாதபோதும் பாவத்துக்கு ஆளாகிறார்; உழவர் கொன்றும் ஆளாவதில்லை. எண்ணம்தான் இருவரையும் பிரிக்கிறது என்பது அவர் வாதம். மீனவரைப் பற்றிய தீர்ப்பில் கடுமை இருக்கிறது. ஆனால் ஏர்முனையில் அகப்படும் மண்புழுவின் சாவு உழவர் விரும்பாதது, அது இல்லாமலே வேலை முடிந்தால் அவருக்கு மகிழ்ச்சிதான் என்ற உண்மை அதில் இருக்கிறது.

இந்த வாதம் ஏரோடு நின்றுவிடுகிறது என்பதுதான் காய்கறித் தோட்டம் எழுப்பும் சிக்கல். கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழு ஒன்று உண்டு. உள்ளே புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. ஆகவே புகுமுன் கொல்ல வேண்டும் என்று அடுத்தடுத்து மருந்து அடிக்கிறார்கள். மண்புழுவைப் போல இது வேலையின் ஓரத்தில் நேரும் சாவு அன்று. இங்கே சாவுதான் வேலையின் நோக்கம். சோமதேவரின் உழவருக்குக் கிடைத்த விடுதலை மருந்து தெளிப்பவருக்கு அப்படியே கிடைக்காது. வாடிய நுனித்தண்டுகளைக் கிள்ளி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, பயிரை மாற்றி நடுவது போன்ற வழிகள் சாவுகளைக் குறைக்கும், நோக்கத்தை மாற்றாது. புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உருவாக்கும்படி செய்த பி.டி. கத்தரிக்கு இந்தியா 2010இல் இடைக்காலத் தடை விதித்தது, வங்கதேசம் 2013இல் அனுமதி தந்தது. அதைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் உடல்நலம், விதையுரிமை, சூழல் ஆகியவற்றைச் சுற்றியே நடந்தன. கொல்லும் செயலைச் செடியிடம் ஒப்படைத்துவிட்டால் கொன்றவர் யார் என்ற கேள்வியும் அந்த விதைக்குள் இருக்கிறது.

நோக்கம் உழவருடையது மட்டும்தானா? துளை விழுந்த கத்தரிக்காயைச் சந்தையில் யாரும் எடுப்பதில்லை. மண்டிக்காரர் அதைத் தனியே கழித்து விலையைக் குறைக்கிறார். ஒரு பொத்தலும் இல்லாத காயைத் தேடிப் பொறுக்கும் கைதான் வயலில் மருந்து அடிக்கச் சொல்கிறது. இந்த இடத்தில் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் துணைக்கு வருகிறது. தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் இறைச்சி விற்போரும் இல்லை என்று அது வாதிடுகிறது. கொன்றவர் ஒருவர், தின்றவர் வேறொருவர் என்று தப்பித்துக்கொள்ளும் வழியை அது அடைக்கிறது. வாங்குபவரும் பொறுப்பாளி என்பது இறைச்சிக்குப் பொருந்துமானால் காய்கறிக்கும் பொருந்தும். அளவு வேறுபடலாம், தர்க்கம் வேறுபடாது. வள்ளுவர் இந்த வாதத்தை உழவு அதிகாரத்துக்குள் கொண்டுசெல்லவில்லை. அங்கே உழவர் உலகைத் தாங்குபவர்.

சமணம் அதைக் கொண்டுசென்றது. தத்துவார்த்த சூத்திர மரபில் வினையின் வாயில்கள் 108 ஆக எண்ணப்படுகின்றன: எண்ணுதல், ஆயத்தமாதல், தொடங்குதல் என்ற மூன்று, மனம், மொழி, மெய் என்ற மூன்று, தானே செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்று, சினம், செருக்கு, வஞ்சனை, பேராசை என்ற நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108. இதில் செய்வித்தலும் உடன்படுதலும், செய்ததோடு ஒரே வரிசையில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். மண்ணைத் தொடாத துறவியும், வயலைக் காணாத நகரத்தாரும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை.

இதே கேள்வி மேற்குலகில் வேறு வடிவில் எழுந்தது. 2003இல் ஸ்டீவன் டேவிஸ், பயிர் வயல்களில் எந்திரங்களால் சாகும் சிறு விலங்குகளைக் கணக்கிட்டால், மேய்ச்சல் மாடுகளை உண்பதில் குறைந்த உயிர்களே சாகும் என்று வாதிட்டார். அதே ஆண்டில் கேவரிக் மாத்தனி, அவர் நிலப்பரப்பை வைத்துக் கணக்கிட்டதே பிழை என்றார்: ஒருவருக்கு வேண்டிய உணவு பயிர் மூலம் குறைந்த நிலத்திலேயே விளையும். மறுப்பு வலுவானது. ஆனால் அந்த விவாதத்தின் தராசில் ஏறியவை பெரும்பாலும் எலி போன்ற சிறு விலங்குகள்; புழுவும் செடியும் ஏறவில்லை.

சமணத்தில் செடியும் ஏறுகிறது. தாவரம் தொடு உணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர். ஓருடலில் ஓருயிர் உள்ள தாவரம், ஓருடலில் எண்ணற்ற உயிர்கள் உள்ள தாவரம் என்று அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கிழங்கும் வெங்காயமும் பூண்டும் இரண்டாவதில் அடங்குவதால் நோன்புடையோர் அவற்றை விலக்குகிறார்கள். இதை அறுவடையோடு வைத்துப் பார்த்தால் இன்னொரு வேறுபாடும் தெரியும். வெண்டையும் கத்தரியும் பறித்த பின்னும் செடி நின்று மீண்டும் காய்க்கிறது. முள்ளங்கியிலும் வெங்காயத்திலும் அறுவடை என்பதே செடியின் முடிவு. பிடுங்கும்போது மண்ணும் மறுமுறை புரள்கிறது. விதி வகுத்தவர்கள் இந்தக் காரணத்தை முதன்மையாகச் சொல்லவில்லை; தோட்டத்தில் நிற்பவருக்கு இதுதான் முதலில் தெரியும்.

சிற்றுயிர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. குனிந்து களையெடுக்கும் பெண்ணும், முகமூடியின்றி மருந்தடிப்பவரும் ஐயறிவுக்கு மேற்பட்ட உயிர்கள். இல்லறத்தாரின் கொல்லாமை நோன்புக்கு ஐந்து மீறல்களைத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றை மாடுகளுக்கு மட்டும் பொருத்திப் படிப்பது குறைவான படிப்பு. வெயில் ஏறியபின்னும் பறிப்பை நீட்டுவதும், கூலியைக் குறைப்பதும் கடைசி இரண்டின்கீழ் வரும். மண்புழுவுக்கு இரங்கி, பறிப்பவரை மறந்தால் அந்த நோன்பு முறிந்ததுதான்.

இல்லறத்தாரின் பாதையைச் சமந்தபத்திரரின் ரத்னகரண்ட சிராவகாசாரம் 11 படிகளாக விரிக்கிறது. தமிழில் அருங்கலச்செப்பு அந்நூலை அடியொற்றி எழுந்தது. எட்டாம் படியில் இல்லறத்தார் உழவு, வணிகம் போன்ற தொழில்களைக் கைவிடுகிறார். ஆனால் பாதை அங்கே முடிவதில்லை. ஒன்பதாவதில் உடைமையைத் துறக்கிறார். பத்தாவதில், மற்றவர் செய்யும் தொழிலுக்கும் இல்லற வேலைக்கும் தரும் உடன்பாட்டையும் விடுகிறார். பதினொன்றாவதில், தனக்கென்று சமைத்த உணவை ஏற்பதை நிறுத்துகிறார். ஏரைக் கீழே வைத்தவருக்கு, ஏர் விளைவித்ததில் இருந்த பங்கைக் கழிக்க இன்னும் மூன்று படிகள் வேண்டியிருக்கின்றன.