யார் கவனிக்கவில்லை?

போன வருடம் ஒரு இசைத்தட்டை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பிரேசில்காரரான ஆர்தர் வெரோக்காய் 1972-இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்டது. முழுசாகக் கேட்டால் அரை மணி நேரம்கூட வராது. வயலின்கள் மேலே ஏறிக்கொண்டே போகும், அடியில் டிரம்ஸ் ஒரு அவசரமும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து ஷா ஆலமிலிருந்து காரில் வரும்போது அதைத்தான் போடுவேன்.

பிறகு ஒருநாள் மனசு கேட்காமல் நண்பனுக்கு அனுப்பினேன். இரண்டே வாரம். அவன் காதலிக்குப் போய், ஆபீஸுக்குப் போய், பெட்டாலிங் ஜெயாவில் அவன் வழக்கமாக உட்காரும் காப்பிக் கடைக்கும் போய்விட்டது. அங்கே அரைக்கும் மெஷின் சத்தத்துக்கு நடுவில் அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. யாரோ செருப்போடு என் அறைக்குள் வந்த மாதிரி.

அந்தக் கோபத்தை அப்புறம் யோசித்துப் பார்த்தேன், கூச்சமாக இருந்தது. அந்தத் தட்டு வந்தபோது விற்கவில்லை. வெரோக்காய் பல வருடம் விளம்பரங்களுக்கு இசையமைத்துக் காலம் தள்ளினார். என் தனிமைச் சுகத்துக்கு அவருடைய தோல்வி தேவைப்பட்டிருக்கிறது. 'யாரும் கவனிக்காத அற்புதம்' என்று நாம் சொல்லும்போது, பாதிப் பெருமை அந்த 'யாரும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

அந்தச் சொல் பாதி பொய்யும்கூட. டெட்ராய்ட்காரரான டோரத்தி ஆஷ்பி ஹார்ப்பில் ஜாஸ் வாசித்தவர். 1968-இல் வந்த அவருடைய 'ஆஃப்ரோ ஹார்ப்பிங்'கை இன்று கவனிக்கப்படாத தட்டு என்று பரிந்துரைக்கிறோம். ஆனால் ஸ்டீவி வொண்டரின் 1976 ஆல்பத்தில் ஒரு பாடலுக்கு ஹார்ப் வாசித்தவர் அவர்தான். உலகமே கேட்டது, பெயரைத்தான் கேட்கவில்லை. சரண்ஜித் சிங்கும் அப்படித்தான். இந்திப் பட இசைக்குழுக்களில் வாசித்தவர், 1982-இல் ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டார். சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் வருவதற்குச் சில வருடம் முன்பே அதே சத்தம். ஒரு நெதர்லாந்துக்காரர் அதைத் தேடியெடுத்து 2010-இல் மறுபதிப்பு போட்ட பிறகு ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார், 2015-இல் இறந்தார். ஆஷ்பிக்கு அதுவும் இல்லை. 1986-லேயே போய்விட்டார்.

நண்பனிடம் என் கோபத்தைச் சொன்னேன்.

"நீ வாய மூடிக்கிட்டு இருந்தா அந்தாளுக்கு என்னடா லாபம்?" என்றான்.

பதில் இல்லை. 2009-இல் வெரோக்காய் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய இசைக்குழுவோடு அந்தப் பாடல்களை மேடையில் வாசித்தார், 37 வருடம் கழித்து. வாயை மூடிக்கொள்ளத் தெரியாத ஆட்களால் நடந்தது அது. லீ பெர்ரி கிங்ஸ்டனில் பதிவு செய்த 'ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்' 1977-இல் ஜமைக்காவில் கொஞ்சம் பிரதிகளாக வந்தது. 1996-இல் இங்கிலாந்தில் மறுபதிப்பு வந்திருக்காவிட்டால், பாட்டுக்கு நடுவில் மாடு கத்தும் அந்த விசித்திரமான ரெகே என் காதுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆகவே சொல்லத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். கூடவே ஒரு சின்னக் கணக்கும். ஆம்கோர்ப் மாலில் பழைய முதல் பதிப்பைத் தேடி வாங்கினால் காசு விற்பவருக்குத்தான். மறுபதிப்பை வாங்கினால் வாசித்தவருக்குக் கொஞ்சமாவது போக வாய்ப்புண்டு. இப்போதெல்லாம் மறுபதிப்புதான். அட்டையின் பழைய வாசனை போனால் போகட்டும்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அப்பா தொண்ணூறுகளில் கிள்ளானில் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசித்தவர். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேசட். அதைக் கணினியில் ஏற்றி நண்பனுக்கு அனுப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"ரெண்டு எடத்துல தப்பா வாசிச்சிருக்கேன்பா. யாருக்கும் குடுக்காத."

அந்த இரண்டு இடம் எது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நண்பனுக்கும் அனுப்பவில்லை.