களத்திலேயே பிரிந்த பங்கு

ஒரகடத்தில் 2012-ல் திறந்த ஜெர்மன் லாரி ஆலையை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஜெர்மனியில் நானூறு வருஷத்துக்கு முன் வந்த ஒரு புத்தகம், ஆலைக்கு முந்தைய ஒரகடத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

எழுதியவர் யோஹன்னஸ் கோலர் (1566–1639), பார்கிம் ஊரில் பாதிரியார். 1591-ல் பஞ்சாங்கம் போல ஒரு நூலை வெளியிட்டார். பிறகு அந்தப் புத்தகம், 'ஒயிகொனோமியா', பகுதி பகுதியாக வந்தது. விதைப்பு, மாடு, தேனீ, மீன்குளம், பீர் காய்ச்சுவது, கைவைத்தியம், வேலையாட்களை நடத்தும் விதம் என எல்லாம் அதில் உண்டு. இத்தனையும் ஒரே நூலில் எப்படி? 'ஒயிகோஸ்' என்றால் கிரேக்கத்தில் வீடு. அவருக்கு வயலும் வீட்டின் ஒரு பகுதிதான். கோலர் பேசுவது குடும்பத் தலைவனோடு.

நம் பக்கத்தில் விளைச்சல் கணக்கு வீட்டில் இல்லை, ஊர்க் களத்தில் இருந்தது. 1763-ல் ஆற்காட்டு நவாப், ஒரகடம் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அங்கே சுமார் 2000 ஊர்களை அளந்து விவரம் எடுத்தார். கணக்குப்பிள்ளைகள் எழுதிய ஓலைகளும் உண்டு. அவை காட்டும் முறை இதுதான்: களத்தில் நெல் குவிந்ததும் மேல்வாரம், குடிவாரம் என்று உடனே பிரிப்பதில்லை. முதலில் கோயில், ஏரி, தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், கணக்குப்பிள்ளை ஆகியோருக்கு உரியது போகும். மீதியைத்தான் சர்க்காரும் குடியும் பிரித்துக்கொள்வார்கள். இந்தப் பங்குக்குப் பெயர் மேரை. 'சுதந்திரம்' என்றும் சொன்னார்கள். விடுதலை என்று இன்று நாம் சொல்லும் சொல், அன்று மரக்காலில் அளந்து வாங்கும் உரிமை.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. கோலரின் நூலில் வேலையாள் ஏவலுக்குக் காத்திருப்பவன். நம் களத்திலும் நாற்று நட்ட பண்ணையாளுக்குக் கூலி நெல் உண்டு, நிலம் இல்லை.

இன்று ஒரகடம் ஆலையில் வேலை செய்கிறவர் சம்பளச் சீட்டைப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக மீதிதான் கைக்கு வருகிறது. பங்கிடுவதற்கு முன்பே எடுத்து வைக்கும் பழக்கம் போகவில்லை. ஆனால் அந்தப் பிடித்தம் அவருடைய முதுமைக்கும் நோய்க்கும். களத்தில் ஏரிக்கென்று ஒதுக்கிய மரக்காலுக்குச் சீட்டில் இடம் இல்லை.