எந்தச் சாட்சியை நம்புவது?

அகரத்து வயல்வெளியில் நின்றால் தெற்கே திண்டுக்கல் மலைக்கோட்டையும் சிறுமலைத் தொடரும் தெரியும். எது நேர், எது சாய்வு என்று நாம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருளில் கடல்மேல் பறக்கும் விமானிக்கு அடிவானம் இல்லை. உடலும் உதவாது. விமானம் மெல்லச் சாய்ந்தால் உட்செவி அதனை உணராது. சாய்ந்திருப்பவர் நேராக இருப்பதாகவே எண்ணுவார். எனவேதான், உடலை நம்பாமல் கருவியை நம்பும்படி விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

அந்தக் கருவியே பொய்யுரைத்தால்?

1978 சனவரி முதல் நாள் இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்னும் போயிங் 747 விமானம் இரண்டு நிமிடங்களுக்குள் அரபிக்கடலில் வீழ்ந்தது. 213 பேரும் மாண்டனர். சற்றே வலப்புறம் திரும்பி விமானம் நேரான பின்னும், தலைமை விமானியின் சாய்வுகாட்டி வலச் சாய்வையே காட்டி நின்றது. அவர் இடப்புறம் சாய்த்தார், மேலும் சாய்த்தார். தம் கருவியில் ஏதோ கோளாறு என்று அவர் சொன்னதும், தம்முடையதும் அப்படியே என்னும் பொருள்பட மறுமொழி கூறினார் துணை விமானி. மூன்றாவதாக இருந்த கருவியைக் கண்ட விமானப் பொறியாளர் அதைச் சுட்டிக்காட்ட முயன்றபோது எஞ்சியிருந்தவை சில நொடிகளே.

தலைமை விமானியின் செயல் அறிவுக்கு ஒவ்வாதது என்றது விசாரணை. இச்சொல் நமக்குக் கடுமையாகவே படுகிறது. கண்முன் இருந்த கருவியை நம்பியது அவர் கற்ற பாடமல்லவா? ஆயினும் வேறு சாட்சிகளும் இருந்தன. வலப்புறம் சாய்ந்த விமானம் வலப்புறம் திரும்பவும் வேண்டும். திசைகாட்டி அவ்வாறு காட்டாவிடில் இரண்டில் ஒன்று பொய். சாய்வு, உயரம், வேகம், திசை என்று கண்ணை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுழற்றப் பழக்குவது இதற்காகவே. இருவர் மூவர் சாட்சியம் கேட்ட பழைய ஏற்பாட்டுச் சட்டம் வழக்குமன்றத்துக்கு மட்டும் உரியதன்று போலும்.

வெல்லக்கூடிய அறியாமை, வெல்லவியலா அறியாமை என்று அறநூலார் பகுப்பர். முன்னதற்கே மனிதன் பொறுப்பாளி. தலைமை விமானியின் அறியாமை எவ்வகை? உண்மை அவர் அருகிலேயே, கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எட்டக் காலம்தான் இல்லை. அவரைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. கண்டதைத் தெளிவாகவும் உடனேயும் சொல்லும் பொறுப்பு உடனிருந்தவர்களுக்கும் இருந்தது. அக்கடமையைத் துணை விமானிகளுக்கு வலியுறுத்தும் பயிற்சி 1980-களில்தான் உலகெங்கும் பரவத் தொடங்கியது.

இன்று ஊசிகளுக்குப் பதில் வண்ணத் திரைகள். இருவர் திரைகளும் முரண்பட்டால் எச்சரிக்கை தோன்றும். எது மெய் என்று பல வேளைகளில் அது சொல்வதில்லை. இரு விமானிகளும் மூன்றாவது கருவியைப் பார்த்து, ஒருவரையொருவர் கேட்டே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.