ஊக்கம் குன்றிய நாளின் ஒழுக்கம்

மனம் விரும்பாத நாளிலும் பயிற்சியைக் கைவிடாதிருத்தல் ஒழுக்கமா, உயிரற்ற பழக்கமா என்னும் வினா தற்காப்புக் கலை பயில்வோர்க்கு ஒரு கட்டத்தில் எழவே செய்யும். தொடக்கத்திற் புதுமையே மாணவனை இழுத்துச் செல்கின்றது. புதுமை தேய்ந்து, முன்னேற்றமும் கண்ணுக்குப் புலனாகாத காலத்திலேயே உண்மையான சோதனை தொடங்குகின்றது.

ஒக்கினாவாத் தீவிற் பிறந்து, 1922ஆம் ஆண்டு தோக்கியோ சென்று கராத்தேக் கலையைப் பரப்பிய கிச்சின் புனகோஷியின் (1868–1957) வரலாறு இங்கு நோக்கற்பாலது. இளமையிற் பகலிலே பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர், இரவிலே தம் ஆசானின் இல்லத்திற் பயின்றார். ‘கட்டா’ எனப்படும் வரையறுத்த அசைவுத் தொடர்களுள் மூன்றினைக் கற்பதற்கே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றன. ஒன்று செம்மையுறும்வரை மற்றொன்றுக்குச் செல்ல ஆசான் இசையவில்லை. அப்பயிற்சி எரிச்சலூட்டியதையும் சிலவேளை அவமானமாகத் தோன்றியதையும் புனகோஷி தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்கவில்லை. அவரை நிலைநிறுத்தியது இடையறாத உற்சாகம் அன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும், அங்கு ஆசானின் கண்காணிப்பு இருந்தது. ஏவுவோர் எவருமில்லாதவிடத்து மாணவன் எதனைப் பற்றிக்கொள்வான்? வள்ளுவர் ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாகவும் மடியின்மையை 61ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வகுத்தமை சிந்தனைக்குரியது. ஊக்கம் உள்ளத்தின் எழுச்சி. மடியின்மை சோம்பலுக்கு இடங்கொடாமை. முன்னது தளர்ந்த நாளிலும் பின்னதைக் காத்தல் இயலும்.

விருப்பின்றிச் செய்வது போலித்தனம் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். விருப்பத்தோடு போராடி நல்லது செய்பவனிலும், போராட்டமின்றியே நல்லதை விரும்பிச் செய்பவன் மேலானவன் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. ஆனால், நற்பண்புகள் செய்து பழகுவதனாலேயே கைவருவன என்று கூறியவரும் அவரே. எனவே இன்றைய விருப்பமற்ற பயிற்சி, நாளைய விருப்பத்துக்கு வழியாகும்.

உற்சாகம் நம் ஆணைக்கு அடங்குவதன்று; கவனம் ஓரளவு அடங்கும். சோர்ந்த நாளில் நூறு குத்துகள் இருபதாகக் குறையலாம். அந்த இருபதிலும் நிலையும் மூச்சும் பார்வையும் பிறழாதிருத்தல் வேண்டும். உடல் காயமுற்றவிடத்து ஓய்வு கொள்வதும் ஒழுக்கத்தின்பாற்பட்டதே. காயத்தை மறைத்துப் பயில்வது செருக்கே.

இவ்வினா வெறும் திறமை பற்றியதன்று. தற்காப்புக் கலை பயின்றவனின் கை பிறரை ஊறுபடுத்தும் வலிமை பெற்றது. ‘இன்று வேண்டாம்’ என்னும் மனத்தின் ஏவலுக்கு என்றும் பணிந்து பழகியவன், ‘இப்போதே அடி’ என்னும் சினத்தின் ஏவலை எங்ஙனம் மறுப்பான்? மறுக்கும் ஆற்றல் பூசல் மூளும் கணத்திற் திடீரெனப் பிறப்பதன்று. எவரும் காணாத, எவ்வித மகிழ்ச்சியும் தராத பயிற்சி நாள்களிலேயே அது சிறிது சிறிதாக உருவாகின்றது.