யமாமாவிலிருந்து மக்காவுக்குப் போன தானியம்



ஓர் அரசு தன் மக்களைப் பார்த்துக்கொண்டால் போதும், வெளிநாட்டார் பட்டினி கிடந்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கிறார்கள். மதீனாவின் ஆட்சித் தலைவராக இருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் இதற்குச் செயலால் பதில் தந்திருக்கிறார்கள்.

யமாமாவின் பனூ ஹனீஃபா கூட்டத் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் (ரலி). கைதியாகக் கொண்டு வரப்பட்டு மஸ்ஜிதின் தூணில் கட்டப்பட்டிருந்தார். மூன்றாம் நாள், ஈட்டுத்தொகை எதுவும் வாங்காமல் பெருமானார் அவரை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். போனவர் குளித்துவிட்டுத் திரும்பி வந்து கலிமா சொன்னார்! பிறகு உம்ராவுக்காக மக்கா சென்றார். குறைஷிகள் குத்திப் பேசியபோது, நபியவர்கள் அனுமதிக்கும் வரை யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணிகூட உங்களுக்கு வராது என்று சொல்லிவிட்டார். இதுவரை புகாரியில் வருகிறது. மீதியை இப்னு ஹிஷாம் பதிவு செய்கிறார்.

மக்கா விளைச்சல் இல்லாத பூமி. நெருக்கடி தாங்காமல் குறைஷிகள் மதீனாவுக்குக் கடிதம் எழுதினார்கள். உறவைப் பேணச் சொல்லும் நீங்களே உறவை முறிக்கலாமா என்று கேட்டார்கள்.

கேட்பது யார் பாருங்கள்! பனூ ஹாஷிமை ஷிஅபு அபீதாலிபில் ஒதுக்கி வைத்து, கொடுக்கல் வாங்கலை நிறுத்தி, பிள்ளைகளைப் பசியால் அழவைத்தவர்கள். பத்ருக்கும் உஹதுக்கும் வாளோடு வந்தவர்கள். பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள், தானியத்தைத் தடுக்காதீர்கள் என்று ஸுமாமாவுக்கு எழுதினார்கள். பதிலுக்கு இதைச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அந்த அறிவிப்பில் இல்லை.

பகை தலைவர்களோடு. பசித்தது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்.

1990-ல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது அநியாயம்தான். அதற்காகப் போட்ட பொருளாதாரத் தடை 2003 வரை நீண்டது. சதாம் அரண்மனையில்தான் இருந்தார். மருந்துக்கும் நல்ல தண்ணீருக்கும் தவித்தது குழந்தைகள். அங்கே ஐ.நா. நிவாரணப் பணிக்குப் பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடே மனம் பொறுக்காமல் 1998-ல் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000-ல் விலகினார்.

இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறோம். யமனைப் பற்றிச் சொன்னால்? உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு அது. 2017 நவம்பரில் ஹூதிகள் ரியாதை நோக்கி ஏவுகணை ஏவினார்கள். உடனே சவூதி தலைமையிலான கூட்டணி யமனின் துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் மூடியது. கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த தாய்மாரா ஏவுகணை விட்டார்கள்? ஹரமைனைப் பராமரிப்பவர்கள் செய்தால் மட்டும் நாம் வாய்மூடி இருக்கலாமா? பகையிலும் நீதி தவறாதீர்கள் என்ற அல்மாயிதாவின் கட்டளை, ஈமான் கொண்டவர்களை அழைத்துத்தான் தொடங்குகிறது.

பாங்கு நேரமாகிவிட்டது. இன்றைய துஆவில் யமன் மக்களையும் சேர்த்துக்கொள்வோம்.