மரத்தை அறுத்தவனும் முத்திரையை அழித்தவனும்

ஒரு கருவியின் உபயோகத்தை மாற்றிவிட்டால் அதன் குணமும் மாறிவிடுகிறதா? பழைய கேள்வி. பெரும்பாலும் இதைக் கத்தியை வைத்துக் கேட்பார்கள். சமையல்காரன் கத்தி, வைத்தியன் கத்தி, கொலைகாரன் கத்தி என்று மூன்று சொல்லி, குற்றம் கத்தியில் இல்லை, கையில் இருக்கிறது என்று முடித்துக்கொள்வார்கள். இந்த முடிவு எனக்குத் திருப்தி தந்ததில்லை. கத்தி இந்தக் கேள்விக்குச் சௌகரியமான உதாரணம். அதற்குப் பிறந்த தேதி கிடையாது. யார், எந்தக் காரியத்துக்காக அதைச் செய்யச் சொன்னார்கள் என்பதற்கு தஸ்தாவேஜு கிடையாது. ராணுவத் துப்பாக்கிக்கு இவையெல்லாம் உண்டு. தொழிற்சாலையின் அடையாளம், வருஷம், வரிசை எண், அரசின் முத்திரை யாவும் அதன் இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. பழைய ராணுவத் துப்பாக்கியை வேட்டைத் துப்பாக்கியாக மாற்றும் கைத்தொழில் ஒன்று உண்டு. கேள்வியை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

1945க்குப் பிறகு ராணுவங்கள் கையால் இயக்கும் துப்பாக்கிகளைக் கழித்துவிட்டுத் தானே தோட்டா ஏற்றிக்கொள்பவற்றுக்கு மாறின. ஜெர்மானிய மாஸர், பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு, இத்தாலியக் கார்க்கானோ, ஜப்பானிய அரிஸாக்கா என்று கிடங்கு கிடங்காக மிஞ்சிற்று. சாமுவேல் கம்மிங்ஸ் என்ற அமெரிக்கர் 1953இல் ஒரு கம்பெனி தொடங்கி, தேசம் தேசமாகப் போய் இவற்றை வாங்கி, வர்ஜீனியாவில் அலெக்ஸாண்ட்ரியாவின் ஆற்றங்கரைக் கிடங்குகளில் குவித்தார். தபாலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிடும். புது வேட்டைத் துப்பாக்கி வாங்க வசதியில்லாதவன் இதை வாங்கினான். வாங்கியவர்களில் அதே யுத்தத்திலிருந்து திரும்பியவர்களும் இருந்தார்கள்.

வாங்கியவன் செய்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முதலில் மரம். ராணுவத் துப்பாக்கியில் குழலின் நுனி வரைக்கும் மரம் ஓடும். குழல் சூடேறினாலும் சிப்பாயின் கை பொசுங்கக் கூடாது. பயனெட்டை மாட்டிக் குத்தும்போது துப்பாக்கி தாங்க வேண்டும். வேட்டைக்காரன் நாளெல்லாம் சுட்டுக்கொண்டிருப்பதில்லை, குத்துவதுமில்லை. எனவே மேல்மரம் கழற்றி எறியப்படுகிறது. முன்மரம் பாதியில் அறுக்கப்படுகிறது. பயனெட் மாட்டும் இரும்பு போகிறது. பிறகு போல்ட். கதவுத் தாழ்ப்பாளைப் போலத் திருப்பி இழுக்கும் இந்த உருளையின் கைப்பிடி 1898ஆம் வருஷத்து மாஸரில் பக்கவாட்டில் நேராக நீண்டிருக்கும். மேலே தொலைநோக்கி பொருத்தினால் அது இடிக்கும். ஆகவே பழுக்கக் காய்ச்சி வளைக்கிறார்கள், அல்லது அறுத்து வேறொன்றைப் பற்றவைக்கிறார்கள். விசையின் இழுப்பை இலேசாக்குகிறார்கள். நல்ல கைகாரன் என்றால் பழைய கட்டையை முழுவதும் நீக்கிவிட்டு வால்நட் மரத்தில் புதுக் கட்டை கடைந்து, பிடியில் வைர வைரமாகக் கோடு செதுக்கி, எண்ணெய் தேய்த்து மினுக்குவான். நியூயார்க்கில் 1923இல் தொடங்கிய கிரிஃபின் அண்டு ஹோவ் என்ற பட்டறை இதை ஒரு கலையாகவே வளர்த்தது. ஹெமிங்வே 1933-34இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது அவர்கள் செய்துகொடுத்த ஸ்பிரிங்ஃபீல்டைத்தான். அதற்கும் முன்பு, 1909இல், தியடோர் ரூஸ்வெல்ட்டுடன் ஆப்பிரிக்கா போனவற்றிலும் வேட்டைக்காக மாற்றிய ஸ்பிரிங்ஃபீல்டு ஒன்று இருந்தது.

இத்தனையிலும் கைவைக்கப்படாதது எது என்று பார்த்தால் விஷயம் துலங்கும். போல்ட்டின் தலையில் இருக்கும் இரண்டு பூட்டுக் காதுகள், பின்னால் காவலுக்கு இருக்கும் மூன்றாவது காது, தோட்டாவின் விளிம்பைக் கவ்வி அறைக்குள் கொண்டுபோய்த் திரும்ப இழுத்துப் போடும் அந்த நீண்ட நகம் — இவற்றை யாரும் தொடுவதில்லை. தொடக் கூடாது என்பதுதான் தொழிலின் முதல் பாடம். சேற்றிலும் பனியிலும் தவறாமல் கொல்வதற்காகப் பாவுல் மாஸர் கண்டுபிடித்தவை அவை. அமெரிக்க அரசு தன் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த யோசனைகளை எடுத்துக்கொண்டதற்காக 2 லட்சம் டாலர் உரிமைப்பணம் கட்டிற்று. வேட்டைக்காரனும் இவற்றுக்காகவே இந்தத் துப்பாக்கியை நாடுகிறான். அப்படியென்றால் மாற்றப்படுவது யுத்தத்தின் உடுப்பு மட்டுமே. யுத்தத்தின் திறமை அப்படியே வைத்துக்கொள்ளப்படுகிறது.

வாளைக் கலப்பைக் கொழுவாக அடிக்கும் ஏசாயாவின் படிமத்தை இந்தத் தொழிலோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. பொருந்தாது. கொழுவாகிற வாள் நெருப்பில் போகிறது. தன் வடிவை இழக்கிறது. அது பிறகு செய்யும் காரியத்துக்கும் முன்பு செய்த காரியத்துக்கும் சம்பந்தமில்லை. மாற்றிய துப்பாக்கி நெருப்பில் போகவில்லை. அதன் காரியமும் மாறவில்லை, சாகிறவர்கள் மாறியிருக்கிறார்கள். நம் புலவர்கள் இதே படிமத்தைத் தலைகீழாகச் செய்தவர்கள். அரசனை உழவனாகவும் போர்க்களத்தை ஏர்க்களமாகவும் வைத்துப் பாடுவதற்கு மறக்களவழி என்று ஒரு துறையே வகுத்துக்கொண்டார்கள். பிணங்களின் குவியல் நெற்போராக மாறியது. போர் என்ற ஒரே சொல் யுத்தத்துக்கும் வைக்கோல் குவியலுக்கும் நம்மிடம் வழங்குவது இந்தக் காரியத்துக்குத் தோதாக இருந்திருக்க வேண்டும். இரும்பைத் தொடாமல் உடுப்பை மாற்றும் வித்தை பட்டறைக்கு மட்டும் உரியதல்ல என்பதை, கவிதை எழுதுகிறவர்களாகிய நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் சாகிறவர் மாறுவது அற்பமான மாறுதலா? அல்ல என்றே நினைக்கிறேன். குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்க மானைச் சுடுகிறவனையும், எதிரிப் பதுங்குகுழியைக் குறிபார்க்கிறவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வைக்க முடியாது என்பதைச் சட்டங்களும் தங்கள் வழியில் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் அந்த ஒப்புதல் விசித்திரமானது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் .303 தோட்டாவுக்கு ஒரு புதுக் குண்டு செய்தார்கள். நுனியில் ஈயம் தெரியும்படி விடப்பட்டிருந்ததால் உடம்பில் பாய்ந்ததும் விரிந்து கிழித்தது. 1899இல் ஹேக் மாநாடு இப்படி விரியும் குண்டுகளை யுத்தத்தில் தடை செய்தது. முழுக்க உலோக உறையிட்ட குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும், காயம்பட்டவன் பிழைக்கலாம், அதுவே மனிதாபிமானம் என்றாயிற்று. வேட்டையில் நியாயம் நேர்மாறு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மானை உறையிட்ட குண்டால் சுடக் கூடாது, விரியும் குண்டால்தான் சுட வேண்டும். துளைத்துப் போனால் மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும், விரிந்தால் விழுந்த இடத்தில் சாகும், அதுவே தயை.

ஒரே துப்பாக்கி. மனிதனுக்குக் காட்டும் கருணை மானுக்குக் கொடுமை. மானுக்குக் காட்டும் கருணை மனிதனுக்குக் கொடுமை. சிப்பாயைக் காயப்படுத்தினால் போதும், அவன் சண்டையிலிருந்து விலகிவிடுவான். மானைக் கொல்வதைத் தவிர வேறெதற்காகவும் சுடுவதில்லை. இந்த இரண்டு விதிகளையும் அருகருகே வைத்தால், தயை என்பது இரும்பில் எங்கும் இல்லை, என்ன செய்யப்போகிறோம் என்ற முன்னறிவில் இருக்கிறது என்று தெரிகிறது. கத்திக்காரர்களின் முடிவுக்கே நான் திரும்பிவிட்டதுபோலத் தோன்றலாம். இல்லை. அவர்கள் கையைச் சொல்கிறார்கள். நான் அறிவைச் சொல்கிறேன். கை எளிதில் மாறும். தன்னிடம் இருப்பது எது என்ற அறிவு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு.

ஒன்று நம் நாட்டில். காவலர்களின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய த்ரீ நாட் த்ரீயை எல்லோரும் பார்த்திருப்போம். படையின் தோட்டா பொதுஜனங்கள் கையில் சேரக் கூடாதென்று பிரிட்டிஷ் ஆட்சி .303 அளவைக் குடிமக்களுக்கு மறுத்தது. அதற்கு மாற்றாக வந்தது .315. அதே லீ-என்ஃபீல்டின் இயந்திரம், கொஞ்சம் அகன்ற குழல், வேறு தோட்டா. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை சுதந்திரத்துக்குப் பிறகும் இதை 'ஸ்போர்ட்டிங் ரைஃபிள்' என்ற பெயரில் செய்துவந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டையை ஏறத்தாழ முழுக்க நிறுத்திவிட்டன. வேட்டை போயிற்று, வேட்டைத் துப்பாக்கி இருந்தது. வடக்கே கள்ளப் பட்டறைகளில் அடிக்கிற நாட்டுத் துப்பாக்கிகளில் பல இந்த .315 தோட்டாவுக்கென்றே செய்யப்படுகின்றன. 'விளையாட்டு' என்ற பெயர் ஒரு கருவியை எத்தனை தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மற்றது டல்லாஸ். 1963 மார்ச்சில் சிகாகோவின் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குத் தபாலில் ஒரு ஆர்டர் வந்தது. கார்க்கானோ, 1940இல் இத்தாலியின் டெர்னியில் செய்தது. நான்கு மடங்கு பெரிதாக்கும் ஜப்பானியத் தொலைநோக்கி சேர்த்து 19.95 டாலர், அனுப்பும் செலவு 1.50. பொய்ப் பெயரில் அதை வாங்கியவன் லீ ஹார்வி ஆஸ்வால்ட். மரம் அறுக்கப்படவில்லை. தொலைநோக்கி ஒன்றுதான் மாறுதல். வேட்டைக்காரனுக்கான அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அந்த நவம்பரில் கென்னடி குறிபார்க்கப்பட்டார் என்கிறார்கள். கண்ணாடியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கடையின் பெயர்ப்பலகை. விளையாட்டுச் சாமான் என்ற தலைப்பின் கீழ் யுத்தத்தின் மிச்சம் தபாலில் போய்க்கொண்டிருந்தபோது, தபாலில் போவது இன்னது என்ற அறிவு யாருக்கும் தேவைப்படவில்லை. 1968இல் வந்த சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி விற்பதையும், ராணுவக் கழிவுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதையும் நிறுத்தியது. அதற்காக முதலிலிருந்து வாதாடிய செனட்டர் தாமஸ் டாட், துப்பாக்கித் தொழிற்சாலைகள் நிறைந்த கனெக்டிகட்காரர் என்பதையும் சொல்லிவைக்கலாம். மலிவான மாஸர் வந்து குவிவது அங்கே யாருக்கும் பிடித்தமானதாக இருந்திருக்காது. நல்ல சட்டங்களும் தனித்த காரணத்தோடு பிறப்பதில்லை.

இப்போது காற்று திசைமாறிவிட்டது. அறுக்கப்படாத ராணுவத் துப்பாக்கி அருகிப்போய்விட்டதால் அதன் விலை ஏறிவிட்டது. அறுக்கப்பட்டது மலிந்து கிடக்கிறது. சேகரிப்பாளர்கள், அறுத்தவர்களைச் சரித்திரத்தை நாசம் செய்தவர்கள் என்று ஏசுகிறார்கள். பழைய ராணுவக் கட்டையைத் தேடிப்பிடித்து வாங்கி, மேல்மரம் மாட்டி, பயனெட் இரும்பைத் திரும்பப் பொருத்தி, வேட்டைத் துப்பாக்கியை மறுபடியும் சிப்பாயாக்குகிறார்கள். இதை அவர்கள் மீட்பு என்று சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தத் துப்பாக்கி இருபது, முப்பது வருஷம் ஒரு குடும்பத்துக்கு மான் இறைச்சி தந்திருக்கலாம். அதுவும் சரித்திரம்தான். அதை அழித்து, வேறொரு துப்பாக்கியின் மரத்தை மாட்டி, 1943க்குக் கொண்டுபோய் நிறுத்துவது யுத்தத்தை மட்டுமே சரித்திரமென்று எண்ணும் மனோபாவம்.

இதனால் அறுத்தவன் பக்கம் முழுவதும் சாய்ந்துவிட்டேன் என்றில்லை. அவனிடம் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. அரிஸாக்காவின் அறை மேல் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் பதினாறிதழ்ச் செவந்தி பொறிக்கப்பட்டிருக்கும். சரணடைந்து ஒப்படைத்தவற்றில் பலவற்றிலும் அந்தப் பூ அரைத்துத் தேய்க்கப்பட்டிருக்கிறது. களத்தில் கைப்பற்றியவற்றில் பூ இருக்கிறது. சக்கரவர்த்தியின் பெயரால் செய்தவற்றைச் சக்கரவர்த்தியிடமிருந்து பிரிக்க, தேய்த்தவர்களுக்கு ஒரு அரம் போதுமானதாக இருந்தது. வேட்டைத் துப்பாக்கி செய்கிறவன் அழகுக்காக மாஸரின் கழுகையும் வருஷத்தையும் தேய்த்து மினுக்கும்போது அவனுக்குச் சக்கரவர்த்தியின் நினைப்பே இல்லை. பரப்பு வழவழப்பாக இருந்தால் போதும். ஆனால் காரியம் ஒன்றே. மரத்தை அறுப்பது, இதை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வது. அதில் பொய் இல்லை. முத்திரையைத் தேய்ப்பது, இதற்கு வேறு வேலை இருந்ததேயில்லை என்று சொல்வது.

வேறு விதமாகவும் செய்யலாம். 1948இல் பிறந்த இஸ்ரேலுக்குச் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜெர்மானிய மாஸர்கள் வந்தன. தங்கள் ஜனங்களைக் கொன்ற படையின் துப்பாக்கிகளை அவர்கள் தோளில் மாட்டிக்கொண்டார்கள். சிலவற்றில் நாஜி முத்திரையும் தாவீதின் நட்சத்திரமும் ஒரே இரும்பில் இருக்கின்றன. அந்தத் துப்பாக்கி பிறகு செய்ததை எல்லாம் நியாயப்படுத்த நான் வரவில்லை. அந்த இரும்பைப் படிக்கிறவனுக்கு இரண்டும் கிடைக்கின்றன என்பது மட்டுமே என் வாதம். கனடாவின் வடகோடியில் 1947இலிருந்து ரேஞ்சர்கள் என்றொரு காவல்படை இருக்கிறது; அதில் இனூயிட் மக்கள் நிறைய. அவர்களுக்குக் கொடுத்த லீ-என்ஃபீல்டு பல பத்தாண்டுகள் ராணுவ மரத்தோடேயே காவலுக்கும் வேட்டைக்கும் பயன்பட்டது. எதையும் வேறொன்றாகக் காட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை.

கருவி மறக்காது என்று சொன்னால் அது வெறும் கவித்துவம். கருவிக்கு ஞாபகமும் இல்லை, மறதியும் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது நாம். அதற்காகத்தான் எழுத்து அதன் மேல் இருக்கிறது. கட்டையை அறுத்து, கைப்பிடியை வளைத்து, வால்நட்டில் கோடு செதுக்கியவன் வருஷத்தையும் முத்திரையையும் இருந்தபடி விட்டுவைத்தால் போதும். பருவத்துக்கு ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைக்கும்போது விரலுக்கு அது தட்டுப்படும். தட்டுப்படுவது அவனுக்குச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம் அவனிடம் இருக்கும்வரை துப்பாக்கி அவன் கையில் இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.